பழைய டூரிங் பைக் வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்துக்காரன். பைபாஸும் ஏற்காடு அடிவாரமும் பக்கத்திலேயே இருப்பதால், நெடும்பயணத்துக்கான பழைய டூரிங் வண்டி வாங்கப் போகிற நண்பர்கள் “கூட வந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணா” என்று கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. போகிற வழியில் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2016-இல் வந்து, 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 அறிமுகமானபோது இடத்தைக் காலி செய்த வண்டி இது. இப்போது 411 வேண்டுமென்றால் பழையதுதான் வாங்கியாக வேண்டும்.

எந்த ஆண்டு வண்டி என்பது ஓட்டிப் பார்ப்பதற்கு முக்கியமா?

முக்கியம். எதை எதிர்பார்த்து ஏறி உட்கார்கிறோம் என்பதே அதைப் பொறுத்தது. முதலில் வந்தவை, பெட்ரோலையும் காற்றையும் இயந்திர முறையில் கலக்கும் கார்புரேட்டர் வண்டிகள். 2017-இல் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியோடு, பெட்ரோலை எலக்ட்ரானிக் கணக்கில் தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 2018-இல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வந்தது. 2020 தொடக்கத்தில் வந்த பி.எஸ்.6 வண்டியில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்துக்கொள்ளும் வசதி உண்டு. எடையும் கூடிக்கொண்டே போய் 199 கிலோவில் நின்றது. கார்புரேட்டர் வண்டி காலையில் சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் லிவர்) கேட்டால் அது குறையில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் குறை.

இன்ஜின் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 411 சி.சி., ஒற்றை சிலிண்டர், காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது, 24.5 குதிரைத்திறன், ஐந்து கியர். இதை ஓட்டிவிட்டு “பிக்கப் இல்லையே” என்று குறை சொல்லாதீர்கள். வண்டியின் சுபாவமே அதுதான்.

போகுமுன் விற்பவரிடம் போனில் என்ன சொல்ல வேண்டும்?

ஒன்றே ஒன்று: “நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க.” விடிகாலையில் போவது இன்னும் நல்லது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டி பார்க்கப் போனேன். போய்ச் சேரும்போது வண்டி வாசலில் துடைத்து நின்றது. சைலென்சர் பக்கம் கை வைத்தால் நல்ல சூடு. “இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன் தம்பி” என்றார் விற்றவர். நானும் நம்பி, சூடான இன்ஜினைத் தெருவுக்குள் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து முதல் நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். டைமிங் செயின் தளர்ந்து போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அவர் முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டி உண்மை பேசுவது முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும். நடுவில் ஓட்டுகிற நேரம் பெரும்பாலும் நம் ஆசைதான் பேசுகிறது.

சரி, அந்த முதல் நிமிடத்தில் என்ன பார்ப்பது?

சாவியைப் போடுமுன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் கோபித்துக்கொள்ளாமல், “சாயந்திரம் வர்றேங்க, அதுவரைக்கும் நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

சாவி போட்டதும் மீட்டரைக் கவனியுங்கள். அவை உள்ள வண்டியில் இன்ஜின் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணையும். ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகர்ந்த பிறகு அணையும். அணையாமல் எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ அந்த விளக்கின் வாயை மூடியிருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்பதும் காதில் விழ வேண்டும்.

செல்ஃப் பட்டனை அழுத்துங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி சோர்ந்திருந்தால் அந்த முக்கலிலேயே தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வேகமாக ஓடி, பிறகு நிதானத்துக்கு வரும். அப்போது யாரையும் பேச விடாதீர்கள், முக்கியமாக விற்பவரை. சிலிண்டர் தலையிலிருந்து லேசான ‘டிக் டிக்’ வந்தால் அது டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி). இந்த இன்ஜினில் அதை ஸ்பேனர் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், பெரிய செலவில்லை. கீழே கிராங்க் பக்கமிருந்து ‘கட் கட்’ என்று கனமாக வந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த காலையில் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அதைச் சரிசெய்ய முடியும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் வேறென்ன?

ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். அதில் நிறுத்திவிட்டு, நண்பரைப் பின்னால் அமுக்கச் சொன்னால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டிலை ஒரே விரலால் இடமும் வலமும் மெதுவாகத் தள்ளுங்கள். எண்ணெயில் வழுக்குவதுபோல் போக வேண்டும். நேராக வரும்போது ஒரு குழியில் உட்கார்ந்து எழுந்தால், ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் போய்விட்டது. கரடுமுரடான பாதையில் ஓடிய வண்டியில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் பேரிங். சக்கரங்களில் ஸ்போக் கம்பிகள் இருக்கின்றன. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டிங் டிங்’ என்று வரும் வரிசையில் ஒன்று ‘டொக்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு பரவாயில்லை. பாதி ‘டொக்’ என்றால் ரிம்மையே சந்தேகப்படுங்கள். சக்கரத்தைச் சுழல விட்டு, ஃபோர்க்குக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் நெளிவு தெரியும். முன்சக்கரம் 21 இஞ்ச், பள்ளத்தில் அடி வாங்குவது அதுதான்.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் பிடித்துப் பின்பக்கம் இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செட்டோடு மாற்ற வேண்டியதுதான். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், எண்ணெய் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருஷத்து 32-ஆவது வாரம் தயாரானது. டயர் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், மழையில் நம்ப முடியாது.

எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்?

தூரத்தைவிட நேரம் முக்கியம். முப்பது, நாற்பது நிமிடம் வேண்டும். இன்ஜின் முழுச்சூடு ஏறி, ஊருக்குள் கொஞ்சம், நெடுஞ்சாலையில் கொஞ்சம், முடிந்தால் ஏற்றத்தில் கொஞ்சம். தெரு முனைவரை போய் வந்தால் ஹாரன் அடிக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

விற்பவர் அவ்வளவு நேரம் கொடுப்பாரா?

அவர் தயங்குவதில் தப்பில்லை. வண்டியோடு கம்பி நீட்டியவர்களும் இருக்கிறார்கள், கீழே போட்டுவிட்டுக் கைகழுவியவர்களும் இருக்கிறார்கள். நாம்தான் அவருக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும். நம் வண்டியையும் அதன் சாவியையும் அங்கேயே விட்டுவிடலாம். லைசென்ஸைக் காட்டலாம். கீழே விழுந்தால் யார் செலவு என்பதை முன்பே பேசிக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் பெட்ரோல் நம் காசில் போட்டால் முகமே மலர்ந்துவிடும்.

அதற்கும் சம்மதிக்காவிட்டால், “நீங்களும் பின்னாடி உட்காருங்கண்ணா, சேர்ந்தே போயிட்டு வருவோம்” என்று கூப்பிடுங்கள். இது மரியாதைக்கு மட்டும் சொல்வதில்லை. டூரிங் வண்டி வாழ்நாளில் பாதியைச் சுமையோடுதான் ஓடும். எழுபது கிலோ சுமையைக் காசில்லாமல் ஏற்றித் தருகிறார், வேண்டாமென்று ஏன் சொல்ல வேண்டும்? பின்னால் உட்கார்ந்து அவர் பேசுகிற பேச்சிலும் சில சங்கதிகள் வெளியே வரும்.

“ஓட்டவே கூடாது, நான் ஓட்டிக் காட்டுறேன்” என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சட்டப்படி ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஓட்டுமுன் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஓட்டும்போது யார் மேலாவது மோதினால் அந்தத் தலைவலி இருவருக்கும்தான். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி இருந்திருக்கும். அது முடிந்த பிறகு புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் லைசென்ஸில் கியர் வண்டி இருக்க வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது எதைக் கவனிப்பது?

முதல் பத்து நிமிடம் ஊருக்குள். நடக்கிற வேகத்தில் நேர்க்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். கோன் செட் தேய்ந்த வண்டி பாம்புபோல் இப்படியும் அப்படியும் திருத்தச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது கைக்குள் ‘டக்’ என்று ஒன்று இடித்தால் அதே கோன் செட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபோர்க் தேய்ந்திருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழுகிறதா, இரண்டாம் கியரில் முறுக்கும்போது கியர் கழன்று வெளியே வருகிறதா என்று பாருங்கள். நியூட்ரல் விழச் சண்டித்தனம் செய்தால் பெரும்பாலும் கிளட்ச் கேபிளைச் சரிசெய்தால் போதும். கியர் கழன்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான எரிச்சலைத்தான் தரும், செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நெடுஞ்சாலையில்?

இங்கேதான் டூரிங் வண்டியின் வேலையே இருக்கிறது. 60-இல் ஐந்தாம் கியர் போட்டு ஒரே மூச்சில் முறுக்குங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பிறகு 80, 90 என்று நிதானமாகக் கூட்டுங்கள். 411 மகிழ்ச்சியாக ஓடும் வேகம் 90-ஐ ஒட்டித்தான். 100-ஐத் தாண்டினால் நல்ல வண்டியே மூச்சு வாங்கும். அதனால் 120 போட்டுப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

90-இல் ஒரு பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுக்க வேண்டாம், வீடியோக்களில் பார்த்து அதைச் செய்கிறார்கள், பைத்தியக்காரத்தனம். ஹேண்டில் ‘பட பட’ என்று ஆடுகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஆட்டத்துக்குக் காரணம் டயராக இருக்கலாம், சக்கர பேரிங்காக இருக்கலாம், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷாகவும் இருக்கலாம். பின்னால் பெட்டிகள் மாட்டியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நல்ல வண்டியையும் காற்றடிக்கும்போது ஆட்டிவைப்பவை அவை.

ஒரு நுணுக்கம். நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும். வளைவில் சாய்க்கும்போது முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென்று விழுந்துகொடுக்கும். புதிதாக ஓட்டுபவர் சஸ்பென்ஷன் கோளாறு என்று பயந்துவிடுவார். டயர் மாற்றினால் தீர்ந்தது.

பிரேக்கை எப்படிச் சோதிப்பது?

பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 60-இலிருந்து நின்று பாருங்கள். முதல் தடவை முன் பிரேக் மட்டும், இரண்டாம் தடவை பின் பிரேக் மட்டும். லிவர் சீராகத் துடித்தால் டிஸ்க் நெளிந்திருக்கிறது. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போதும் துடிக்கும், ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்பில் மட்டும் வரும். ஹிமாலயனின் முன் பிரேக் புதிதிலேயே சுருக்கென்று பிடிக்கிற ரகமில்லை, அதை மனதில் வைத்து மதிப்பிடுங்கள். லிவரைப் பிடித்ததும் பஞ்சுபோல உள்ளே போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

மலைச்சாலை அவசியமா?

கிடைத்தால் விடாதீர்கள். ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு ஐந்தாறு போதும். நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்குக் கொல்லிமலை இருக்கிறது, அங்கே 70. பொள்ளாச்சிக்காரர்களுக்கு வால்பாறைச் சாலையில் 40. ஒரு கொண்டை ஊசி தாங்காத வண்டி எழுபதையும் தாங்காது என்பதால் எண்ணிக்கை பெரிய விஷயமில்லை.

ஏறும்போது இரண்டாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து இழுக்கிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜினின் பலமே அந்த அடிமட்ட இழுவைதான். 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,500 ஆர்.பி.எம்.முக்குள்ளேயே வந்துவிடும். அங்கே திணறினால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக்கில் தொடங்கி வால்வு வரை சந்தேகப்படலாம். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடி, கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் சட்டென்று முறுக்குங்கள், பின்னால் வருகிற நண்பர் சைலென்சரைப் பார்க்கட்டும். அந்த ஒரு நொடி நீலப்புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. சமதரையில் எவ்வளவு ஓட்டினாலும் இது கண்ணில் படாமல் போகலாம்.

திரும்பி வந்த பிறகு?

இதுதான் நான் சொன்ன கடைசி நிமிடம். வண்டியைக் கொடுத்துவிட்டு உடனே விலை பேசப் போய்விடாதீர்கள். இன்ஜினை ஓட விட்டு ஐடிலிங் சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் ஒழுங்காக எழுந்த வண்டி சூட்டில் படுத்துக்கொள்வதுண்டு. ஹைவே டீக்கடையில் நின்று கிளம்பும்போது அது உங்களைத் தள்ள வைக்கும்.

அப்புறம் ஒரு டீ குடியுங்கள், வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கட்டும். பத்து நிமிடம் கழித்து அடியில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்துப் பாருங்கள். சிலிண்டர் இணைப்பு, ஆயில் கூலருக்குப் போகும் குழாய், முன் ஸ்பிராக்கெட் பக்கம் மூன்றிலும் டார்ச் அடியுங்கள். காலையில் கழுவித் துடைத்த இடங்களில் இப்போது ஈரம் துளிர்த்திருந்தால், எதற்காகக் கழுவினார்கள் என்பது புரியும்.

வயரிங், பேட்டரி?

டூரிங் வண்டிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கூடுதல் விளக்கு, மொபைல் சார்ஜர், டபுள் ஹாரன் என்று மாட்டிக்கொண்டே போவார்கள். சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ரிலே, ஃப்யூஸ் வைத்து ஒழுங்காக இழுத்திருந்தால் முன் ஓனர் கவனமான ஆள். கறுப்பு டேப் சுற்றிய ஒட்டுகள் கொத்துக்கொத்தாக இருந்தால், நடுராத்திரி உளுந்தூர்பேட்டையைத் தாண்டி விளக்கெல்லாம் அணையும் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. எல்லா விளக்கையும் போட்டுவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிதானே நல்லது?

அப்படியொரு மூடநம்பிக்கை நம்மூரில் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் 6,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் அது நின்றே கிடந்திருக்கிறது. டேங்குக்குள் துரு, காய்ந்த சீல்கள், செத்த பேட்டரி, கெட்டிப்பட்ட டயர். அதைவிட 45,000 ஓடி, சர்வீஸ் பில்களைக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவரின் வண்டியை நான் எடுப்பேன்.

மீட்டரைத் திருத்தியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு, மனிதன் தொடுகிற இடங்களைப் பாருங்கள். கால் வைக்கும் ரப்பர், கியர் லிவர் முனை, கைப்பிடி, சாவித்துளையைச் சுற்றிய கீறல். மீட்டரில் 12,000 காட்டி, டிஸ்க்கின் விளிம்பில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி இருந்தால் இரண்டில் ஒன்று பொய். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஓனரே கூட வந்தால் எளிது.

லடாக் போய் வந்த வண்டியை வாங்கலாமா?

தாராளமாக. ஒருமுறை போய் வந்த சொந்த வண்டிக்கும், வாடகைக்கு ஓடிய வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. வாடகை வண்டிகளின் நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கும். பிறகு சொந்த வண்டியாக மாற்றி விற்பதுண்டு. பல பேர் கை மாறிய கிளட்ச்சும் கியரும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி.யின் பழைய வரலாறைக் கேளுங்கள்.

விழுந்த அடையாளங்களையும் பாருங்கள். டேங்க்கின் இரு பக்கமும் இருக்கும் இரும்புச் சட்டம், ஹேண்டில் முனை, ஃபுட்ரெஸ்ட். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த கீறலுக்குப் பயப்படாதீர்கள், ஹிமாலயன் விழாமல் யாரும் ஓட்டியதில்லை. பயப்பட வேண்டியது ஹேண்டில் தலைப்பகுதியில் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருந்தால், அல்லது சேசிஸில் அந்த இடம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால். ஓட்டும்போது ஹேண்டில் கோணலாக வைத்தால்தான் வண்டி நேராகப் போகிறது என்றாலும் அதே சந்தேகம்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கே நின்றது என்று கேளுங்கள். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்தது. ஹெட்லைட்டுக்குள் மண்கோடு, மீட்டர் கண்ணாடிக்குள் பனிமூட்டம், சீட்டுக்கு அடியில் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அரை மணி ஓட்டினால் மீட்டருக்குள் ஈரம் ஏறி மங்குவதை நானே பார்த்திருக்கிறேன். தெரு முனை வரை ஓட்டியிருந்தால் தப்பியிருக்கும்.

டாமினார் 400 போன்ற வண்டிக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும். டாமினார் ரேடியேட்டர் உள்ள வண்டி, அதனால் கூடுதலாக, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைப் பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அதன் மூடியைத் திறவுங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் பால் காபிபோல இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஊர் நெரிசலில் நின்று ஃபேன் ஓடுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். அது 373 சி.சி.யில் ஆறு கியர் வண்டி, 100-லும் அலட்டிக்கொள்ளாது. நெடுஞ்சாலைச் சோதனையைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் செய்யலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாமா?

கட்டாயம். அதே மாதிரி வண்டியைத் தினமும் பிரிப்பவராக இருக்க வேண்டும். பேசிய கூலியைக் கொடுத்துவிடுங்கள், “டீ வாங்கித் தர்றேன்” என்று கூப்பிட்டால் டீ அளவுக்குத்தான் பார்ப்பார். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) வாங்குவதா, நேரடி ஓனரிடமா?

ஓட்டிப் பார்க்கிற கோணத்தில் மட்டும் சொன்னால், நேரடி ஓனர். வண்டி எதற்காகச் சத்தம் போடுகிறது என்று அவரிடம் கேட்கலாம். கன்சல்டிங்கில் வண்டி பாலிஷ் போட்டு நிற்கும், கதை தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். காலையில் கடை திறக்கும் நேரத்தில் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும், அது ஒன்றுதான் அங்கே நமக்கு வசதி.

பேப்பர்களில் என்ன?

சுருக்கமாக. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஆர்.சி.யை வைத்து நீங்களே படித்து ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28, கூடவே இங்கே கட்ட வேண்டிய சாலை வரி. அதைக் கணக்குப் போடாமல் டெல்லி வண்டியைச் சல்லிசு என்று வாங்கியவர்கள் உண்டு. நிலுவையில் உள்ள இ-சலான்களை (போக்குவரத்து அபராதங்களை) அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், அது உங்களுக்கு வராது.

எனக்கு உயரம் குறைவு. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

சீட் 800 மி.மீ. உயரம்தான், ஐந்தரை அடி ஆள் சமாளிக்கலாம். ஆனால் ஓட்டும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். இன்ஜினை அணைத்து, சரளைக்கல் சரிவில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கூடவே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். டேங்க்கில் 15 லிட்டரும் பின்னால் பெட்டிகளும் ஏறினால் இதைவிடக் கனக்கும்.

கண்ட குறைகளை வைத்து எப்படி விலை பேசுவது?

ஓட்டும்போதே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். திரும்பி வந்து, ஒரு தாளில் மாற்ற வேண்டியவற்றை எழுதுங்கள்: கோன் செட், செயின் ஸ்பிராக்கெட், பின் டயர், பேட்டரி. பக்கத்தில் உதிரிபாகக் கடையில் கேட்ட விலையைக் குறித்து, அந்தத் தாளையே அவர் கையில் கொடுங்கள். “வண்டி சரியில்லைங்க” என்றால் அவருக்குக் கோபம் வரும். தாளைக் கொடுத்தால் கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பார். இன்ஜினைப் பிரிக்க வேண்டிய குறை எதுவாக இருந்தாலும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். அதற்கு விலை கிடையாது, அந்த வண்டியே வேண்டாம்.

வண்டி பிடித்துவிட்டது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

“இன்னொரு பார்ட்டி சாயந்திரம் வர்றாரு” என்று சொல்வார். வரட்டும். ஒரு ராத்திரி வண்டி நிற்கட்டும் என்று கேட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு டார்ச்சோடு போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை நீங்களே செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். சத்தம் நேற்றுக் கேட்டதுபோலவே இருந்தால் பணத்தை எண்ணலாம்.